எடுத்துவிட்ட எட்டாம் பாடம்

நான் சொல்லிக்கொடுத்த தமிழால் ஒரு பெண் சாகப் பார்த்தாள்.

அதைச் சொல்லாமல் உங்களுக்கு அனுமதி தர முடியாது. உட்காருங்கள். நான் உட்காரமாட்டேன், உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். பத்து மணிக்கு வகுப்பு. இப்போது எட்டே முக்கால். மில்காரர்கள் சங்கத்திலிருந்து வருகிறீர்கள், கோயமுத்தூர். என் புத்தகத்தை மறுபடி அச்சடித்து எல்லா மில்லிலும் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். நல்லது. கையில் இருப்பது முதல் பதிப்பா? காட்டுங்கள். அதேதான். மேசைமேல் வையுங்கள்.

காபி வராது. இன்று ஞாயிறு. காரணம் பிறகு.

மைசூரில் ஒரு மொழிப் பயிற்சி நிலையத்தில் இருபத்தாறு வருடம் இருந்தேன். வடக்கேயிருந்து பள்ளிக்கூட ஆசிரியர்கள் வருவார்கள். பத்து மாதத்தில் தமிழ் பேசவைத்து அனுப்ப வேண்டும். அனுப்பினேன். போஜ்புரிக்காரனை ழகரம் சொல்லவைத்தவன் நான். என் முறை சுலபம். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். அவர்கள் திரும்பச் சொல்வார்கள். நாற்பது தடவை. விளக்கம் கிடையாது. மொழி என்பது நாக்குக்குப் பழக்கம், யோசனை இல்லை. யோசித்துப் பேசுகிறவன் இன்னும் கற்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு விதி. வகுப்புக்குள் தாய்மொழி கூடாது. பேசினால் பாடம் முடியும்வரை நிற்க வேண்டும். ஹெட்மாஸ்டர்களையே நிற்கவைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்று இந்த ஊருக்கு வந்தேன். திருப்பூர் எனக்குச் சொந்த ஊர், ஆனால் வந்து பார்த்தால் பாதி ஊர் ஒடியாவும் இந்தியும் பேசுகிறது. எனக்குச் சும்மா இருக்க வராது. பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டு பெஞ்சில் நாலு மாதம் உட்கார்ந்தேன். நோட்டு, பேனா. பேசுகிறவர்கள் என்ன சொல் சொல்கிறார்கள், எத்தனை தடவை சொல்கிறார்கள், எல்லாம் கோடு போட்டு எண்ணினேன். போலீஸ்காரர் ஒருவர் வந்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டதையும் எழுதிக்கொண்டேன்.

இதோ அந்த நோட்டு. முதல் பக்கம் பாருங்கள். எது அதிகமோ அது மேலே. மூன்றாவது என்ன? படியுங்கள். 'இல்லீங்க.' ஏழாவது, 'வேண்டாம்.' பதினொன்றாவது, 'மாட்டேன்.' சரி, மூடுங்கள். பிறகு தேவைப்படும்.

இதை வைத்து ஒரு புத்தகம் எழுதினேன். அறுநூறு சொல். முப்பது பாடம். எழுத்துத் தமிழ் இல்லை. இந்த ஊர் மரியாதைத் தமிழ். வாங்க, சொல்லுங்க, சரிங்க. வெளியூர் ஆள் இதைப் பேசினால் இந்த ஊர்க்காரன் உருகிவிடுவான்.

அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். ஹாஸ்டலில் ஒடிசாப் பெண்கள் நிறையப் பேர், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுங்கள், புத்தகத்தையும் நாங்களே அச்சடிக்கிறோம் என்றார்கள். மேனேஜர் நாச்சிமுத்து. தங்கமான பேச்சு. கைப்பிரதியை ஒரு வாரம் வைத்திருந்து படித்தார். படித்தார் என்பதே பெரிய விஷயம்.

"வாத்தியாருங்க, புக்கு அருமைங்க. இந்த எட்டாம் பாடம் மட்டும் எதுக்குங்க?" என்றார்.

எட்டாம் பாடத்தில் எட்டே வாக்கியம். வேண்டாமுங்க. முடியாதுங்க. வரமாட்டேனுங்க. எனக்கு உடம்பு சரியில்லைங்க. இன்னைக்கு லீவு வேணுமுங்க. இப்படி.

"மறுத்துப் பேசுவது மொழியில் பாதி," என்றேன்.

"அதானுங்க. இப்போதைக்குப் பாதி போதுமுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். பென்சிலால் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். லேசான கோடுதான். ரப்பரால் அழித்திருக்கலாம்.

நான் யோசித்துப் பார்த்தேன். கற்றுக்கொடுக்கும் வரிசை என்று ஒன்று இருக்கிறது. முதலில் ஆமாம் வர வேண்டும், பிறகு கேள்வி, பிறகுதான் மறுப்பு. மைசூரிலும் அப்படித்தான். அதனால் ஒத்துக்கொண்டேன். மேனேஜருக்காக இல்லை. வரிசைக்காக. என்ன பார்க்கிறீர்கள்? நோட்டில் மூன்றாவது இடம் என்று நானேதான் சொன்னேன். தெரியும். எண்ணிக்கை வேறு, வரிசை வேறு.

மணி என்ன? ஒன்பதா? அந்த ஜன்னலைத் திறவுங்கள்.

இருபத்து நாலு பெண்கள். ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. முதல் நாளே விதியைச் சொன்னேன், ஒடியா பேசினால் நிற்க வேண்டும் என்று. எனக்கு ஒடியா தெரியும். மைசூரில் சக ஆசிரியர் ஒருவரிடம் கற்றேன். தெரிந்தும் பேசுவதில்லை. முதல் வாரம் பதினொரு பேர் நின்றார்கள். மூன்றாவது வாரம் யாரும் நிற்கவில்லை. கூடத்தில் ஒடியா ஒரு சொல் இல்லை. வேறு எந்த வாத்தியாராலும் முடியாது.

சஞ்சுக்தா என்று ஒருத்தி. பத்தொன்பது வயது. துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் வேலை. என் வாழ்நாளில் அப்படி ஒரு காது பார்த்ததில்லை. ஒரு தடவை சொன்னால் போதும், இந்த ஊர் இழுப்போடு திரும்ப வரும். "எப்படி இருக்கே" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "நல்லா இருக்கேனுங்க" என்று பதில் விழும். யோசனையே இல்லை. நான் சொன்னேனே, பழக்கம். அதற்கு அவள்தான் உதாரணம். மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கூடுதல் நேர வேலைக்குக் கேட்டார், "அம்மணி, நாளைக்கு ஓ.டி. பாக்கறயா?" அவள், "சரிங்க, பாக்கறேனுங்க." அவர் கைதட்டினார். நானும்தான்.

இன்னொருத்தி கடைசியில் வந்து சேர்ந்தாள். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். துணியில் பிசிர் வெட்டுகிற வேலை. பெயர்ப் பட்டியல் எழுதி முடித்த பிறகு வந்ததால் பதிவேட்டில் பெயர் எழுதவில்லை. 'பின்வரிசை' என்று குறித்து, பக்கத்தில் 'தேறாது' என்று எழுதினேன். திரும்பச் சொல் என்றால் சொல்லமாட்டாள். உதட்டை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கீரைக்காரியிடம் அவள் போடுகிற சண்டையைக் கேட்டிருக்கிறேன்.

"இது கீரையா? மாடு திங்காது. நேத்து கீரை. குடுக்காதே, எனக்கு வேணாம் போ."

கீரைக்காரி சிரித்துவிட்டாள். "ஏனுங் வாத்தியாரே, இவளுக்கு நீங்களா சொல்லிக்குடுத்தீங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நல்லவேளை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். என்னையும் 'நீ' என்றுதான் பேசுவாள். "சார், நீ இன்னைக்கு லேட்டு." நூறு தடவை திருத்தியிருப்பேன். திருந்தவில்லை.

ஆறு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நாச்சிமுத்து போன் செய்தார். "வாத்தியாருங்க, உங்க ஸ்டூடண்டு ஒண்ணு மெஷின்கிட்ட மயங்கி உக்காந்திருச்சு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறாங்க. பாஷை தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட இருந்தாத் தேவலைங்க."

போனேன். கம்பெனிக்காரர்களை வழக்கமாகப் பார்க்கிற ஒரு சின்ன கிளினிக். சஞ்சுக்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி. வியர்வை. பக்கத்தில் அந்தப் பின்வரிசைக்காரி. அவளை யாரும் வரச் சொல்லவில்லை. பிசிர் வெட்டும் கத்தரிக்கோல் இன்னும் கையில் இருந்தது. வேலையைப் போட்டுவிட்டு அப்படியே வந்திருக்கிறாள்.

உள்ளே போனோம். டாக்டருக்கு அவசரம். வெளியே இருபது பேர்.

"என்னம்மா, எப்படி இருக்கே?" என்றார்.

"நல்லா இருக்கேனுங்க," என்றாள் சஞ்சுக்தா.

டாக்டர் நிமிர்ந்தார். "அட, நம்மூர்ப் புள்ளையாட்டம் பேசுது. யாருங்க சொல்லிக்குடுத்தது?"

நான்தான் என்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெருமை இல்லையா? ஆறு மாதத்தில் இந்த உச்சரிப்பு யாருக்கு வரும்? புத்தகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். அவரும் கேட்டார். என் பேத்திக்குத் தமிழே வரமாட்டேங்குது என்றார்.

"சரிம்மா. மாத்திரை தர்றேன். நாளைக்கு வேலைக்குப் போலாமா?"

"சரிங்க. போறேனுங்க."

எழுதிக் கிழித்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

இதில் எனக்கு இன்றைக்கும் புரியாதது ஒன்று. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். எனக்கு ஒடியா தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். வலிக்கிறது என்று ஒடியாவில் என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். எழுந்து நேராக நின்றாள். உட்காரம்மா என்றேன், உட்காரவில்லை. ஏன் நின்றாளோ.

தண்ணீர் வேண்டுமா? அந்தச் செம்பில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம்.

வாசலுக்குத் திரும்பினேன். வாசலில் அந்தப் பின்வரிசைக்காரி. கதவை மறித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்மணம் போட்டு. கத்தரிக்கோல் மடியில்.

"நல்லா இல்ல," என்றாள். "மூணு நாளா சாப்பாடு இல்ல. வாந்தி. வயிறு இங்க," தன் வயிற்றில் வலது பக்கம் கீழே குத்திக் காட்டினாள், "கல்லு மாதிரி. நீ தொட்டுப் பாக்கல. தொடாம மாத்திரை. வேணாம்."

"எந்திரிம்மா. வெளியில ஆளுங்க நிக்கறாங்க," என்றார் டாக்டர்.

"மாட்டேன்."

"ஏம்மா, அந்தப் பொண்ணே நல்லா இருக்கேங்குது."

"அவ பொய். சார் சொல்லிக்குடுத்த பொய். நீ தொட்டுப் பாரு. அப்பறம் போறேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. டாக்டரை நீ என்கிறாள். மரியாதையாகப் பேசு என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சார், நீ கொஞ்சம் சும்மா இரு."

டாக்டருக்கும் வேறு வழி இல்லை. கதவை மறித்துக்கொண்டிருக்கிறாள். சஞ்சுக்தாவைப் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தார். வலது பக்கம் அழுத்தி, சட்டென்று எடுத்தார். அவள் கத்திய கத்தல் வெளியே தெருவில் கேட்டிருக்கும். அது ஒடியாவில் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் மாத்திரைச் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக் கிழித்துப்போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபரேஷன். குடல்வால். வெடிக்க இருந்தது. இன்னும் ஒரு நாள் மாத்திரை தின்றுகொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தால் ஊருக்குப் பெட்டியில்தான் அனுப்பியிருக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அவளுக்கு உடம்பு சரியில்லாத அந்த மூன்று நாளும் லைன் சூப்பர்வைசர் ஓ.டி. கேட்டிருக்கிறான். மூன்று நாளும் சரிங்க என்றிருக்கிறாள். நல்ல உச்சரிப்போடு.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது உடன் வந்தவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் என் வகுப்பில் உட்கார்ந்தவள். அவளே காகிதத்தை வாங்கி ஒடியாவில் எழுதினாள். அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். சஞ்சுக்தா படுத்திருந்தாள். ஏனம்மா சொல்லவில்லை என்று ஒடியாவிலேயே கேட்டேன். "மன்னிச்சுக்குங்க" என்றாள், தமிழில். அது ஐந்தாம் பாடம். தேவையில்லாத இடத்தில் சொல்கிறாள் என்று திருத்த வாயெடுத்தேன். பின்வரிசைக்காரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீ நல்ல ஆளு," என்றாள். "உன் புஸ்தகம் நல்லா இல்ல. எல்லாம் இருக்கு. வாங்க இருக்கு, போங்க இருக்கு, தேங்க்ஸ் இருக்கு. முடியாது இல்ல."

"இருந்தது," என்றேன். "எட்டாம் பாடம்."

"எங்க?"

எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு ஒருத்தியும் வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நான், கரும்பலகை, இருபத்து நாலு நாற்காலி. அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. என்னை யாரும் இப்படிச் செய்ததில்லை. மைசூரில் ஒரு நாள் என் வகுப்பு காலியாக இருந்ததில்லை. வீட்டில் கேட்கவே வேண்டாம், என் மனைவி மரகதம் நாற்பத்தோரு வருடத்தில் என்னிடம் ஒரு தடவை மாட்டேன் என்று சொன்னதில்லை. அவ்வளவு ஒற்றுமை. அதனால் எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை. அந்த இரண்டு வாரம் நான் தூங்கவில்லை. இந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பார்ப்பேன், மூடுவேன். மூன்றாவது. ஏழாவது. பதினொன்றாவது. நானே எண்ணியது.

பாடத்தை எடுத்தது மேனேஜர் என்று உங்களிடம் சொன்னேன் இல்லையா? பென்சில் அவருடையது. தலையாட்டியது யார்? சரி. அது போகட்டும்.

மூன்றாவது ஞாயிறும் போனேன். வேறென்ன செய்வது? கூடம் காலி. ஆனால் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கிட்டே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். எல்லாரும் அங்கே இருந்தார்கள். என் இருபத்து நாலு பேர் மட்டுமில்லை, நாற்பது பேர். துவைக்கிற கல்லின்மேல் பின்வரிசைக்காரி உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி துப்பட்டாவைத் தலைப்பாகையாகக் கட்டி, சூப்பர்வைசர் மாதிரி வயிற்றைத் தள்ளி நடந்தாள்.

"ஏய், நாளைக்கு ஓ.டி."

"வரமாட்டேன்."

"ஏன் வரமாட்டே?"

"வயிறு வலி. லீவு வேணும்."

"அப்ப வேலைய விட்டுப் போ."

"போகமாட்டேன். மேனேஜரக் கூப்புடு."

சிரிப்பு. மறுபடி முதலிலிருந்து. அடுத்த ஆள். எண்ணினேன். நாற்பது தடவை. என் முறைதான், எங்கிருந்து கற்றாளோ. நடுவில் புரியாதவளுக்கு ஒடியாவில் விளக்கினாள். யாரும் நிற்கவில்லை. எல்லாரும் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருத்தி 'மாட்டேன்' சொன்னது சரியில்லை. நான் பின்னாலிருந்து திருத்தினேன். எல்லாம் நின்றுபோனது. எல்லாரும் எழுந்தார்கள்.

பின்வரிசைக்காரி எழவில்லை. "சார், உக்காரு," என்றாள்.

இடம் பார்த்தேன். கடைசியில் ஒரு கவிழ்த்த பக்கெட் இருந்தது. உட்கார்ந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது.

"நீ சூப்பர்வைசர்," என்றாள். "நீ கேளு. நீ நல்லாக் கேப்பே."

சஞ்சுக்தா முன்னால் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள். வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டினார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அம்மணி, நாளைக்கு ஓ.டி. பாக்கறயா?"

அவள் உதடு 'ச' என்று தொடங்கியது. பழக்கம். நான்தான் ஏற்றியது. பிறகு நின்றது. யோசித்தாள். முதல் தடவையாக என் முன்னால் யோசித்தாள்.

"மாட்டேனுங்க," என்றாள்.

உச்சரிப்பு அவ்வளவு சுத்தமில்லை. திருத்தவில்லை.

மணி ஒன்பதே முக்கால். நான் கிளம்ப வேண்டும். செருப்பு எங்கே?

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டாம் பாடத்தைத் திரும்ப எழுதினேன். நான் எழுதினேன் என்றால், அவள் சொன்னாள், நான் எழுதினேன். எட்டு வாக்கியம் முப்பத்தொன்று ஆனது. அதை முதல் பாடமாக வைத்தாள். வரிசை தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். சும்மா இரு என்றாள். நாச்சிமுத்து வந்தார், பென்சிலோடு. அவள் புதிய கைப்பிரதியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். நாற்பது பேர் அவளோடு நின்றார்கள். அவர் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது வகுப்பு அவள் எடுக்கிறாள். நான் சூப்பர்வைசர், டாக்டர், பஸ் கண்டக்டர் எல்லாம். ஆள் தேவைப்படுகிறது.

காபி ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே. கேட்கவில்லையா? சரி. மரகதமும் அங்கேதான் இருக்கிறாள். எட்டரை மணிக்கே போய்விடுவாள், இடம் பிடிக்க. தமிழ் தெரிந்தவளுக்கு அந்த வகுப்பில் என்ன வேலை? கேட்டேன். சிரிக்கிறாள். போன ஞாயிறு, கிளம்புவதற்கு முன் ஒரு காபி என்றேன். நேரமில்லை, நீங்களே போட்டுக்குங்க என்றாள். அங்கே என்னதான் கற்றுக்கொள்கிறாளோ.

வாருங்கள், நடந்துகொண்டே பேசலாம். ஹாஸ்டல் பத்து நிமிடம். அனுமதி நான் தருவதில்லை. அவளைக் கேளுங்கள். உங்கள் மில்காரர்களுக்கு இந்த முதல் பாடம் பிடிக்காது, எடுத்துவிடச் சொல்வார்கள். அதையும் அவளிடமே சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

உங்களை 'நீ' என்பாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே வேண்டாம். ஒத்துக்கொண்டால், புதியதை அச்சடியுங்கள். அட்டையில் என் பெயர் இருக்கட்டும், அறுநூறு சொல் நான் எண்ணியது. ஆனால் கீழே. மேலே வேறு பெயர். பேனா இருக்கிறதா? சரியாக எழுதுங்கள், நான் ஆறு மாதம் எழுதாமல் விட்ட பெயர்.

மினதி பெஹரா.